கதிரை வாங்குவதற்கு முன்

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவள். வயது 34, உயரம் ஐந்தடி. சிட்னியிலுள்ள நிறுவனம் ஒன்றுக்காகக் கடந்த ஆண்டிலிருந்து வீட்டிலிருந்தே கணக்குப் பதிவு வேலை செய்து வருகிறேன். அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் 12.30 மணிக்கு முடியும். ஒக்ரோபர் பிறந்தால் அது 3.30 மணிக்கே தொடங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் வேலை செய்கிறேன். பிடரியும் தோள்களும் இறுகிப்போகின்றன; நாரி உளைகிறது; சில வாரங்களாக இரவில் வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்து நித்திரை கலைகிறது. கணவர் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர், காலை 6.30 மணிக்குள் புறப்பட்டுவிடுவார். மகள் மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். அம்மாவும் தங்கையின் குடும்பமும் ஒரே வளவுக்குள் இருப்பதால் வேலை நேரத்திலும் அழைப்பு ஓய்வதில்லை. கேட்டால், "வீட்டிலதானே இருக்கிறாய்" என்கிறார்கள். தகரக் கூரை வீடு. தவணை முறையில் விலை கூடிய அலுவலகக் கதிரை ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். வாங்கலாமா? வேலையைக் களைப்பின்றிச் செய்ய வேறு வழிகள் உண்டா?

பதில்: அன்பின் சகோதரிக்கு,

அந்தக் கதிரையை இப்போது வாங்க வேண்டாம். இயன்மருத்துவர் என்ற முறையில் உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது, நீங்கள் சொல்லும் மூன்று உபாதைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் தெரிகின்றன. பிடரி வலிக்குத் திரை தாழ்வாக இருப்பதும், தோள் இறுக்கத்துக்கும் விரல் விறைப்புக்கும் மேசை உயரமாக இருப்பதும் மணிக்கட்டு வளைந்திருப்பதும், நாரி உளைவுக்கு மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு கதிரை இவற்றில் மூன்றாவதை மட்டுமே ஓரளவுக்குக் குறைக்கும். அந்தத் தவணைப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வேறு இரண்டு பொருட்களுக்குச் செலவிட்டால் அதைவிடக் கூடிய பலன் கிடைக்கும். அவை தனியான ஒரு விசைப்பலகையும் ஒரு மவுஸும் ஆகும்.

மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. விசைகள் கைக்கு வசதியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும். திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கைகள் தோளளவுக்கு ஏறிவிடும். வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ எடையுள்ளது. அது முன்னோக்கிச் சாயச் சாய, அதை விழாமல் பிடித்திருக்கும் பிடரித் தசைகளின் சுமை பல மடங்காகக் கூடுகிறது. ஒரு மணித்தியாலம் அப்படி இருப்பது பெரிய விடயம் இல்லை. நாள்தோறும் எட்டு மணித்தியாலம் இருக்கும்போதுதான் தைலத்துக்கும் அடங்காத வலி தொடங்குகிறது. ஆகவே மடிக்கணினியை ஒரு மரப்பெட்டியின் மீதோ தடித்த பேரேடுகளின் மீதோ உயர்த்தி, நீங்கள் நிமிர்ந்து இருக்கும்போது திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கோ சற்றுக் கீழாகவோ வரும்படி வையுங்கள். உங்கள் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு சாண் உயர்த்த வேண்டியிருக்கும். கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில், அதாவது 50 முதல் 70 சென்ரிமீற்றருக்குள், திரை இருக்கட்டும். கணக்கு வேலையில் கட்டங்கள் சிறியவை என்பதால் உங்களை அறியாமலே முன்னே குனிவீர்கள். எழுத்தின் அளவை 125 வீதமாகக் கூட்டிவிட்டால் அந்தக் குனிவு தானாகவே குறையும். இருபார்வைக் கண்ணாடி அணிபவராயின் திரையை இன்னும் சற்றுத் தாழ்த்தவும். இல்லையேல் கீழ்வில்லையால் பார்ப்பதற்காக நாடியை உயர்த்தி, பிடரியைப் பின்புறமாக மடிக்க நேரிடும்.

அடுத்து, தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதிரையில் இருந்து, மேற்கைகளைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடித்து, நிலத்திலிருந்து முழங்கை வரையான உயரத்தை மகளைக்கொண்டு அளந்து பாருங்கள். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் சாதாரணக் கதிரையில் இருக்கும்போது அது ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் வரும். சாப்பாட்டு மேசைகளோ பொதுவாக 75 சென்ரிமீற்றர் உயரமானவை. இடையிலுள்ள அந்த 10 சென்ரிமீற்றரை ஈடுசெய்வதற்காக உங்கள் தோள்கள் காலை முழுவதும் காதை நோக்கி உயர்ந்தே நிற்கின்றன. தோள் இறுகுவதில் வியப்பில்லை. இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அழுந்திப்போகாத கனமான தும்பு மெத்தைத் துண்டொன்றைக் கதிரையில் வைத்து உங்களை உயர்த்துவது. அப்போது கால்கள் தொங்கும் என்பதால் பாதங்களுக்குக் கீழே 12 சென்ரிமீற்றர் அளவில் ஒரு பலகைப் படி வேண்டும். மற்றது, மேசையைத் தாழ்த்துவது. நான் இரண்டாவதையே விரும்புவேன். 65 சென்ரிமீற்றர் உயரமும் 60 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமும் உள்ள எளிய மேசை ஒன்றை ஊர் ஓடாவியாரிடம் செய்விக்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய மேசையின் கால்களை அறுத்துக்கொண்டாலும் போதும். பழைய மேசையில் வாளை வைக்க அம்மாவின் மனம் ஒப்பாவிட்டால் மெத்தை வழியே இருக்கட்டும். எந்த வழியானாலும் பாதம் முழுவதும் தட்டையாகப் பதிந்திருப்பது கட்டாயம். தடித்த புத்தகங்களை அடுக்கி அதில் காலை வைக்கும்படி சில அந்நிய நாட்டுக் கையேடுகள் சொல்லும். நம்மால் அது முடியாது, ஒரு பலகைத் துண்டே போதும்.

பிளாஸ்டிக் கதிரையை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் இருக்கை பின்புறமாகச் சரிந்திருக்கும். நாரி படியவேண்டிய இடத்தில் குழி இருக்கும். இருபுறமும் உள்ள கைப்பிடிகள் மேசைக்குக் கிட்டச் செல்ல விடாது. கைப்பிடி இல்லாத மரக்கதிரை ஒன்றில், இடுப்புப் பட்டி வரும் உயரத்தில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்துக்கொண்டால் நாரிக்குத் தேவையான தாங்கல் கிடைத்துவிடும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரல் விறைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில், எலும்புகளுக்கும் தடித்த ஒரு நாருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியூடாக ஒரு நரம்பு செல்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்வைக் கொடுப்பது அதுதான். நீங்கள் விறைப்பதாகச் சொல்லும் விரல்களும், இரவில் அது கூடுகிறது என்பதும் அந்த நரம்பு நெருக்கப்படுவதையே காட்டுகின்றன. மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடிக்கும்போது அந்த வழி மேலும் ஒடுங்கும். விசைப்பலகையின் பின்புறத்தில் உள்ள சிறு கால்களை விரித்து வைப்பதைப் பலர் வசதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை மணிக்கட்டை மேல்நோக்கி மடிக்கச் செய்வதால் மடக்கியே வையுங்கள். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்ற வேண்டாம். கணக்குப் பதிவாளர்களுக்கென்று இன்னுமொரு தொல்லையும் உண்டு: விசைப்பலகையின் வலது ஓரத்தில் எண் விசைகள் இருப்பதால் மவுஸ் மேலும் வலப்புறம் தள்ளப்பட்டு, வலது கை நாள் முழுவதும் வெளியே நீண்டபடி உழைக்கிறது. மவுஸை இடது கைக்கு மாற்றிப் பழகுங்கள். ஓரிரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு எண்களை வலது கையாலும் மவுஸை இடது கையாலும் ஒரே நேரத்தில் கையாளும் வேகம் உங்களுக்கே பிடித்துப்போகும். இரவில் மணிக்கட்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து உறங்கும் பழக்கம் இருந்தால் அதைத் தவிர்க்கவும். மணிக்கட்டை நேராகப் பிடித்திருக்கும் பட்டி ஒன்றை இரவில் மட்டும் அணிவது பலருக்கு உதவுகிறது.

எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும், எட்டு மணித்தியாலம் சிலையாக நிமிர்ந்திருந்தால் நாரி உளையத்தான் செய்யும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்களுக்கு வளர்ந்தோரில் நேரடியான இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. அவற்றுக்குப் போசணை பெரும்பாலும் சுற்றியுள்ள இழையங்களிலிருந்து ஊடுருவியே சேர்கிறது, அதற்கு உடல் அசைவு துணைசெய்கிறது. ஆகவே அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நில்லுங்கள். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்காமல் குசினியில் வைத்தால் தாகமே உங்களை எழுப்பிவிடும். தொலைபேசி உரையாடல்களை விறாந்தையில் நடந்தபடி நடத்துங்கள். எழும் ஒவ்வொரு முறையும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னே வளைவதையும், தோள்பட்டை எலும்புகளைப் பின்புறமாக ஒன்றையொன்று நெருக்குவதையும், நாடியை உள்ளிழுத்துப் பிடரியை நீட்டுவதையும் ஐந்தைந்து தடவை செய்தால் ஒரு நிமிடம்தான் ஆகும். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பாலுள்ள ஏதாவதொன்றை 20 விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைவதால்தான் எரிச்சல் வருகிறது. மருந்துக் கடைகளில் விற்கும் நாரிப் பட்டியை நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருப்பதை நான் ஆதரிப்பதில்லை. பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரையில் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பது அதைவிட மேலானது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட உடலுழைப்பை ஐந்து பின்னேரங்களிலேயே எட்டிவிடலாம்.

மேசையை எங்கே போடுவது என்பதில் நம் கரையின் திசை முக்கியம். கடல் கிழக்கே இருப்பதால், இருட்டில் வேலையைத் தொடங்கும் உங்களுக்குக் காலை 6 மணிக்குப் பிறகு தாழ்ந்த வெயில் கிழக்கு யன்னலூடாக நேராக வந்து விழும். அந்த யன்னல் உங்கள் முகத்துக்கு எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். விடியும் முன்னர் திரை மட்டும் ஒளிர்ந்து அறை இருளாக இருக்கக்கூடாது. மேசை விளக்கு ஒன்று தேவை. மேசைக்கு அடியில் ஒதுங்கும் நுளம்பையும் மறந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் நுளம்பு காலையிலும் மாலையிலும்தான் கூடுதலாகக் கடிக்கும், மாரி காலத்தில் காலுறை அணிந்துகொண்டே வேலை செய்யுங்கள்.

இனி நேரத்தைப் பற்றி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒக்ரோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு மீண்டும் பின்தள்ளுகிறார்கள். நம் நாட்டில் 1996 இல் முன்தள்ளப்பட்ட நேரம் 2006 ஏப்ரலில் பழையபடி மாற்றப்பட்ட பின்னர் கடிகாரத்தில் நாம் கைவைக்கவில்லை என்பதால், அவர்களுடைய மாற்றம் முழுவதும் உங்கள் நித்திரையில்தான் வந்து விழுகிறது. ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை 3.45 மணிக்கு எழவேண்டிய நீங்கள் இரவு 8.45 மணிக்குப் படுத்தால், வளர்ந்தவருக்கு வேண்டிய ஏழு மணித்தியால நித்திரை கிடைத்துவிடும். கோடையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மதியத்தில் உறங்க முடியாது. அதற்குத் தேவையும் ஏற்படாது. ஒக்ரோபருக்குப் பிறகு 2.45 மணிக்கு எழவேண்டும். பிள்ளை உள்ள வீட்டில் இரவு 7.45 மணிக்குப் படுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அந்தப் பருவத்தில் இரவு 9 மணியிலிருந்து ஒரு நித்திரையும், வேலை 11.30 மணிக்கு முடிந்த பிறகு ஒன்றரை மணித்தியாலம் இன்னொரு நித்திரையுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நமக்கு மாரி காலம் என்பதால் மதியத்தில் கூரையும் ஓரளவு குளிர்ந்திருக்கும். செப்ரெம்பர் இறுதியில், ஒரு நாளைக்கு 15 நிமிடமாக நான்கு நாட்களில் எழும் நேரத்தை முன்னே நகர்த்தினால் மாற்றம் உடலை உலுப்பாது. பிற்பகல் 2 மணிக்குப் பிறகு பிளேன்டீயைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டாரைப் பற்றி நீங்கள் எழுதியதில் மனக்குறை தெரிகிறது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், தாயும் சகோதரிகளும் ஒரே வளவில் வாழ்வது நமக்கு இயல்பு. அழைப்பு ஓயாத வளவு என்பது உதவிக்கு ஆள் குறையாத வளவும்தான். அந்த உதவியை நேரம் சொல்லிக் கேட்டுப்பெறுவதே உங்களுக்கு மீதமுள்ள வேலை. அம்மாவின் தலைமுறைக்கு வேலை என்பது உடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போவது. ஒரு நாள் அவரை அருகில் இருத்தி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஒன்றை, அதாவது வங்கியின் பதிவும் நிறுவனத்தின் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதை, முழுமையாகச் செய்து காட்டுங்கள். நடுவில் ஒருவர் கூப்பிட்டால் நீண்ட நிரல் ஒன்றை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். பிறகு, "வேலை இருக்கு" என்று மொத்தமாக மறுப்பதை விட்டு, "எட்டு மணிக்கு வாறன் அம்மா" என்று நேரத்தைச் சொல்லி, சொன்ன நேரத்தில் எழுந்து போங்கள். சிட்னியில் பகல் 12.30 மணி நம் 8 மணி என்பதால், உங்கள் உணவு இடைவேளையை அம்மாவோடு காலைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கலாம். அவசரமானால் தொலைபேசியில் மட்டும் அழைக்கச் சொல்லுங்கள்.

மகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம்தான் உண்மையான சிக்கல். கணவர் 6.30 மணிக்குள் புறப்படுகிறார் என்று எழுதிய நீங்கள், அதற்கு முன்னர் அவர் மகளுக்காக என்ன செய்கிறார் என்பதை எழுதவில்லை. எழுப்புவது, குளிக்கவார்ப்பது, உடுத்துவது மூன்றையும் 6.15 மணிக்குள் அவர் முடித்துவிடலாம். அதன் பிறகு பாடசாலை வரை கூட்டிச் செல்வதை அம்மாவோ தங்கையோ பொறுப்பேற்கட்டும். தலைபின்னி அனுப்பவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கும், 6.30 முதல் 20 நிமிட இடைவேளையை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அங்கே அது காலை 11 மணி. யாருக்கும் இடையூறு இராது. ஒக்ரோபரில் நேரம் மாறியதும் உணவு இடைவேளையே நம் 7 மணிக்கு வந்துவிடுவதால் இந்தச் சிறு இடைவேளையும் தேவைப்படாது. செத்தவீடும் கல்யாணவீடும் நம் ஊரில் தவிர்க்க முடியாதவை. அத்தகைய நாட்களில் நேரத்தை மாற்றிச் செய்ய இடம் தருவார்களா என்பதையும் இப்போதே பேசிவையுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கான விடுமுறையை ஒரு மாதம் முன்னரே கேளுங்கள். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை ஒலிபெருக்கியை நிறுத்தும்படி யாரும் கேட்கப் போவதில்லை. வாய்க்கு அருகில் ஒலிவாங்கி உள்ள தலையணிக் கருவி ஒன்று வாங்கினால் அவர்களும் பாடலாம், நீங்களும் பேசலாம்.

உங்கள் வேலைநேரத்தின் நற்பேறு, கடும் வெப்பம் ஏறும் முன்னரே நாள் முடிந்துவிடுவது. கணக்கிணக்கம் போன்ற கவனம் வேண்டிய வேலைகளை விடியும் முன்னர் முடித்து, பற்றுச்சீட்டுப் பதிவு போன்றவற்றை 10 மணிக்குப் பின் வையுங்கள். கூரையின் மேல் கிடுகு பரப்புவதும், உள்ளே ஒரு தட்டுக் கூரை அடிப்பதும் சூட்டை நன்கு தணிக்கும். மின்வெட்டின்போது மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடும், ஆனால் இணைய ரவுட்டர் நின்றுவிடும். ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய மின்சேமிப்புக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். ஒக்ரோபர், நவம்பர் மாத இடிமின்னலின்போது எல்லாச் செருகிகளையும் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் மடிக்கணினி அலுமாரிக்குள் போகவேண்டும். மேசையில் திறந்து கிடந்தால் இரவு 8 மணிக்கும் கை அதை நாடும்.

இந்த மாற்றங்களைச் செய்து ஆறு வாரம் பாருங்கள். பிடரியும் தோளும் அதற்குள் தளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். நாரி மட்டும் தொடர்ந்து உளைந்தால் அப்போது கதிரையைப் பற்றி யோசிக்கலாம். அதையும் கடையில் அரை மணித்தியாலம் இருந்து பார்த்து, இருக்கையை உங்கள் பாதம் நிலத்தில் பதியும் அளவுக்குத் தாழ்த்த முடிந்தால் மட்டுமே வாங்குங்கள். விரல் விறைப்பில் அவ்வளவு காலம் பொறுக்க வேண்டாம். மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, பொருட்கள் கையிலிருந்து நழுவத் தொடங்கினாலோ, பெருவிரலின் அடிச்சதை மெலிந்து தெரிந்தாலோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவும் தைரொயிட் குறைபாடும் இதே விறைப்பைத் தரக்கூடும் என்பதால் அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். நாரி நோவோடு கால் பலவீனமடைந்தாலோ, தொடைகளுக்கு இடையே உணர்வு குன்றினாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். சாதாரணமாக வைத்தியரிடம் போகும்போது, எந்த விரல்கள் எந்த நேரத்தில் விறைக்கின்றன, கையை உதறினால் தணிகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.